மாடி வீட்டு அமெரிக்கக்காரி

இந்த நாற்காலிக்கு யாரும் வருகிறார்களா அக்கா? இல்லையென்றால் நான் உட்கார்ந்துகொள்கிறேன். பிள்ளை தூங்குகிறாள், நின்றுகொண்டே இருந்தால் தோள் விட்டுப்போகிறது. நம்பர் அந்தத் திரையில்தானே வரும்? என்னுடையது நூற்றிருபத்தெட்டு. இப்போதுதான் எழுபது ஓடுகிறது. உங்களுடையது என்ன? சரி, சொல்ல வேண்டாம். முன்பின் தெரியாதவர்களிடம் நம்பரைச் சொல்லாமல் இருப்பதும் நல்லதுதான். நானும் சொல்லியிருக்கக் கூடாது.

பாஸ்போர்ட் இவளுக்குத்தான். ஜோவிட்டா. ஒன்றரை வயது. எனக்குப் போன மாதமே வந்துவிட்டது. இவள் அப்பா கோலாலம்பூரில் இருக்கிறார், வரச் சொல்லி எழுதியிருக்கிறார். எழுதியது அவர்தானா, அவரை எழுதவைத்தது அவளா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். டிக்கெட் போட்டிருப்பது அவள். போகமட்டும் போட்டிருந்தால் ஏன் போகமட்டும் என்று கேட்டிருப்பேன். போய்வர இரண்டுக்கும் போட்டிருக்கிறாள். வர எதற்கு? திருப்பி அனுப்பத்தானே?

அவள் என்றால் மெரிடித். ஆமாம் அக்கா, அந்த வெள்ளைக்காரிதான், பாட்டுப் பாடுகிறவள். பாருங்கள், நீங்களும் சிரிக்கிறீர்கள். அவள் பேரைச் சொன்னால் எல்லாரும் இப்படித்தான் சிரிக்கிறார்கள், தங்கச்சி மகள் பேரைக் கேட்ட மாதிரி. ஒரு வருஷம் எங்கள் மாடியில் குடியிருந்தவள். நீங்கள் டிவியில் பார்ப்பது வேறு, அவள் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சோறு வடிப்பது வேறு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு என் பேச்சு புரியும். எனக்கு இருப்பது ஒரே பயம். என் வீட்டுக்காரர் என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்பது. இது வீணான பயம் என்று சொல்லாதீர்கள். நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் அப்பா பஹ்ரைனுக்கு இரண்டு வருஷத்துக்கு என்று போனார். எனக்கு அப்போது நாலு வயது. அங்கேயே வேறொரு குடும்பம் ஆகிவிட்டது. அம்மா என்னைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்து போர்டிங்கில் சேர்த்துவிட்டுத் தையல் மிஷினை மிதிக்கப் போனாள். அதனால் எனக்கு பாஸ்போர்ட் என்ற புத்தகத்தைப் பார்த்தாலே ஆகாது. போகிற பக்கம்தான் அதில் இருக்கிறது, வருகிற பக்கம் யாருக்கும் கிடையாது. இப்போது அதற்காகவே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் பாருங்கள்.

அவள் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் அவளை ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. இதை அவளே சொல்லியிருக்கிறாள், நானாகக் கட்டவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு கம்பெனி அவள் பாட்டைப் போட்டதாம். ரேடியோவில் மூன்று வாரம் ஓடியதாம். அப்புறம் ஒரு மெத்தைக்கடைத் திறப்பு விழாவில் பாடினாள். ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் மீன்வால் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து பாடினாள். கடைசியில் சுற்றுலாக் கப்பல் ஒன்றில் மூன்று வருஷம், சாப்பிடுகிறவர்களுக்குப் பாட்டு. அவர்கள் தட்டைவிட்டுத் தலையைத் தூக்க மாட்டார்களாம். அந்தக் கப்பல் சமையல்கட்டில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்திருக்கிறார், ரொசாரியோ என்று. அவர் மீன் வெட்டும்போது பாடுகிற தமிழ்ப் பாட்டைக் கேட்டுக் கேட்டு இவள் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் மேடையில் அதைப் பாட, யாரோ படம் பிடித்துப் போட, அது இங்கே வந்து ஊரெல்லாம் ஓடியது. பிறகு ஒரு இசையமைப்பாளர் கூப்பிட்டுவிட்டார்.

உள்ளூரில் விலைபோகாத மாடு வெளியூரிலும் விலைபோகாது என்பார்கள். இது போனது. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். நம் ஊரில் பாட்டுக்கென்றே பிறந்த பெண்கள் எத்தனை பேர் கோயில் கொடையிலும் மாதா திருவிழாவிலும் தொண்டை கிழியப் பாடுகிறார்கள், அவர்களை விட்டுவிட்டு இவளுக்கு ஏன்? நிறத்துக்குத்தான் என்றேன் என் வீட்டுக்காரரிடம். அவர் பேர் பிரிட்டோ. கீபோர்டு வாசிப்பார், பாட்டில் மெட்டுக்கு அடியில் வருகிற வாத்தியமெல்லாம் அமைப்பார். பின்கட்டு அறையில் சுவரெல்லாம் பஞ்சு அடித்து ஒலிப்பதிவுக்கு இடம் செய்து வைத்திருந்தார். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"நெறத்துக்கு மொத பாட்டு கிடைக்கும் சலேத். ரெண்டாவது பாட்டு கிடைக்காது."

ஒரு பெண்ணைப் பற்றி ஒரு ஆம்பிளை இவ்வளவு யோசித்து வைத்திருப்பானா? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது பாட்டு என்ன, பதினாறாவது பாட்டுவரை போனது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பிள்ளைகள் அவள் பாட்டுக்கு ஆடின. திண்டுக்கல்லில் நகைக்கடை திறக்கப் பட்டுப்புடவையில் போனாள், கூட்டம் நெரிந்து பக்கத்து ஜவுளிக்கடைக் கண்ணாடி உடைந்தது. மலேசியாவில் மேடை ஏறினால் கூட்டம் முழுக்க அவளோடு சேர்ந்து பாடியது. ஆனால் அவள் அம்மா, ஏதோ பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறவளாம், போனில் ஒவ்வொரு தடவையும் லீவு எப்போது முடியும் என்று கேட்பாளாம். இதைச் சொல்லிவிட்டு மெரிடித் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் ஜோவிட்டாவைக் கொஞ்சம் தா என்று கையை நீட்டுவாள். நான் பிள்ளைக்குப் பசி என்று சொல்லி உள்ளே எடுத்துப் போய்விடுவேன்.

நான் அவளுக்கு என்ன வேலை செய்தேன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். தமிழ் தெரியாத பாட்டுக்காரர்களுக்குப் பாட்டை அவர்களுடைய எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். வடக்கே இருந்து வருகிறவர்கள் இந்தியில் எழுதிக்கொள்வார்கள். இவளுக்கு இங்கிலீஷில் வேண்டும். ஸ்டுடியோவில் ஒரு பையன் எழுதிக் கொடுத்ததை வைத்து அவள் பாடினால் நாக்கில் சுண்ணாம்பு வைத்தது போல இருக்கும். பிரிட்டோதான் ஒருநாள் அந்தத் தாளைக் கொண்டுவந்து, நீ எழுதிப் பாரேன், உன் எழுத்துத்தான் அச்சு மாதிரி இருக்குமே என்றார். எழுதினேன். மேலே தமிழ் வரி, கீழே அதே வரி இங்கிலீஷ் எழுத்தில், மூச்சு விடுகிற இடத்தில் சின்னக் கோடு, இழுக்கிற இடத்தில் அலை, அழுத்துகிற இடத்தில் அடியில் இரட்டைக் கோடு. எழுதிவிட்டு அதைப் பார்த்து நானே ஒரு தரம் பாடி போனில் பதிந்து அனுப்பினேன், எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிவதற்காக. போர்டிங்கில் எட்டு வருஷம் கோயில் பாடகர் குழுவில் இருந்தவள் நான். அதைக் கேட்டு அவள் அப்படியே பாடினாள். நான் மூச்சு வாங்கிய இடத்தில்கூட மூச்சு வாங்கினாள். அதுகூட ஒரு வகைத் திருட்டுத்தானே.

அதற்கப்புறம் என்னைவிட்டால் அவளுக்கு ஆள் கிடையாது. மாடி காலியானதும் அங்கேயே குடிவந்துவிட்டாள். உனக்குப் பக்கத்தில் இருந்தால் எனக்கு நல்லது என்றாள். யாருக்குப் பக்கத்தில் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அவள் பேசுகிற தமிழ் எல்லாம் சினிமாப் பாட்டில் இருந்து பொறுக்கியது. வேறு தமிழ் அவளுக்குத் தெரியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனிடம் உயிரே நாளை வா என்பாள். அவன் ஒரு வாரம் தலைவாரிக்கொண்டு வந்தான். தெருமுனைக் காய்காரம்மாவிடம் இந்தக் கத்தரிக்காய் ஏன் வாடியது, யார் பிரிவால் என்று கேட்பாள். காய்காரம்மா நாலு கத்தரிக்காயைக் கூடப் போட்டுக் கொடுக்கும். எல்லாரும் சிரித்தார்கள், நானும் ஆரம்பத்தில் சிரித்தேன். ஒருநாள் மாடிப்படியில் நின்று என் வீட்டுக்காரரைக் கண்ணாளா என்று கூப்பிட்டாள். ஒயர் ஒன்று வேண்டுமாம். கண்ணாளா, நீள ஒயர் இருக்கா. இவர் இருக்கு என்று சொல்லிவிட்டு ஒயரை எடுத்துக்கொண்டு போகிறார். நான் அடுப்படியில் நிற்கிறேன். அந்த வார்த்தையை அதற்கு முந்தின வாரம் அவளுக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான், அடியில் இரட்டைக் கோடு போட்டு.

கேட்டேன். விடுவேனா? அர்த்தம் தெரியாமல் சொல்கிறாள் என்றார். அர்த்தம் தெரிந்த நீங்கள் ஏன் போனீர்கள் என்றேன். "ஒயர் கேட்டா சலேத்" என்றார். இதற்கு மேல் ஒரு ஆம்பிளையிடம் என்ன பேச முடியும்?

அதிலிருந்து நான் கவனிக்க ஆரம்பித்தேன். சர்க்கரை இல்லாத காப்பி குடிக்கப் பழகியிருந்தார், அவள் அப்படித்தான் குடிப்பாள். குளிக்கும்போது மெட்டு முணுமுணுத்தார். முணுமுணுப்பது அவர் வேலைதான், தெரியும், ஆனால் முன்பெல்லாம் குளிக்கும்போது முணுமுணுக்க மாட்டார். கீபோர்டு கட்டைகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் முடி இருந்தது. அதை எடுத்து ஜெபப்புத்தகத்தில் வைத்திருந்தேன், சாட்சிக்கு. அப்புறம் ஒருநாள் பீரோவைத் துடைக்கும்போது அவருடைய புது பாஸ்போர்ட் கிடைத்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்திருக்கிறார். கேட்டதற்கு, உனக்கு அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே ஆகாதே, அதனால்தான் சொல்லவில்லை என்றார். அப்பாவும் அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அதே வாரத்தில் அவள் கீழே வந்தாள். நான் இவளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்து இவள் காலைப் பிடித்துக்கொண்டு, பனி பார்த்திருக்கிறாயா சலேத் என்றாள். இல்லை என்றேன். பிள்ளைக்குக் குளிர் தாங்குமா என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. என் பிள்ளையை நான் எங்கேயும் அனுப்புகிறதாக இல்லை என்றேன். அவள் பிள்ளையின் காலை மெதுவாக விட்டுவிட்டு, சரி சரி என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். காலை விட்டாள் பாருங்கள், அதைத்தான் நான் கவனித்தேன்.

இரண்டு நாள் கழித்து இவர் பைக்குள் ஒரு தாள். அவள் கையெழுத்து. லண்டன், பாரிஸ், டொரான்டோ என்று ஊர்ப் பேர்கள், தமிழ்ச் சங்கங்கள் நடத்துகிற மேடைகள். அடியில் ஆட்களின் பேர். பிரிட்டோ, பக்கத்தில் சரி என்று குறி. டிரம்ஸ் வாசிக்கிற தாமு, சரி என்று குறி. மேனேஜர், சரி என்று குறி. கடைசியில் சலேத், ஒரு குழந்தை. பக்கத்தில் கேள்விக்குறி.

புரிகிறதா அக்கா? எல்லாருக்கும் சரி போட்டாயிற்று. இவர் போகிறது முடிவாகிவிட்டது. என்னையும் பிள்ளையையும் என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மத்தியானம்தான் நான் அந்த லெட்டரை எழுதினேன்.

உங்களிடம் மறைப்பானேன். மொட்டைக் கடிதம்தான். அவளுடைய விசா சுற்றிப் பார்க்க வருகிறவர்களுடைய விசா. அதில் வந்து சம்பளத்துக்குப் பாடக் கூடாது. அடுத்த மாதம் மாற்றிவிடலாம், அடுத்த மாதம் மாற்றிவிடலாம் என்று மேனேஜர் இழுத்துக்கொண்டே இருந்தான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே சொன்னாள். ஒருநாள் இவளுக்குச் சோறு ஊட்டும்போது, எனக்குப் பயமாக இருக்கிறது சலேத், யாரிடமும் சொல்லாதே என்று சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக்காரர்களுடைய கணக்கு வழக்கைப் பார்க்கிற ஆபீசுக்கு, பெரிய அதிகாரிக்கு. எங்கள் போர்டிங்கில் லெட்டரை ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும், சிஸ்டர் எவுஜீனியா படித்துப் பார்த்துத்தான் தபாலில் போடுவார்கள். அடித்தல் இருந்தால் திரும்பி வரும். மார்ஜின் கோணினால் திரும்பி வரும். வீட்டு நினைப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு எழுது என்று திரும்பி வரும். அந்தப் பழக்கம் எனக்குப் போகாது. ஒரு அடித்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதினேன். மரியாதைக்குரிய ஐயா என்று ஆரம்பித்து, நாட்டின் நலன் கருதும் ஒரு குடிமகன் என்று முடித்தேன். குடிமகள் என்று போட்டால் பெண் என்று தெரிந்துவிடும் இல்லையா? அவ்வளவு யோசித்தேன். சர்ச்சுக்குப் போகிற வழியில் வேறு பேட்டைத் தபால்பெட்டியில் போட்டேன்.

மூன்று வாரத்தில் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேனேஜர் என்னவோ ஓடிப்பார்த்தான், நடக்கவில்லை. பத்து நாளில் நாட்டைவிட்டுப் போக வேண்டும், இரண்டு வருஷத்துக்குத் திரும்பி வரக் கூடாது. பிரிட்டோ பின்கட்டு அறையில் போய் மிஷினெல்லாம் அணைத்துவிட்டு அந்தப் பஞ்சுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

"யாரோ வயித்தெரிச்சல் புடிச்சவன் எழுதிப் போட்டுட்டான் சலேத்."

கையில் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்ன செய்யப் போறேன். ஏன்னு மட்டும் கேப்பேன்."

அவள் போவதற்கு முந்தின நாள் காலையில் வந்தாள். இவர் அவளுடைய பெட்டிகளை ஏற்ற வண்டி பிடிக்கப் போயிருந்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் திறந்தாள். நான் எழுதிக் கொடுத்த பாட்டுத் தாள்கள் எல்லாம், ஒன்றுவிடாமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். இங்கிலீஷில்தான் பேசினாள், நான் தமிழில் சொல்கிறேன்.

"அந்த ஆபீஸ்ல மேஜை மேல ஒரு லெட்டர் கிடந்துச்சு சலேத். எனக்குத் தலைகீழாத்தான் தெரிஞ்சுது."

நான் இவளை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன்.

"ஒரு வருஷமா உன் எழுத்தைத்தான் தினமும் பாக்குறேன். எப்படி வெச்சாலும் தெரியும்." பிறகு முதல் தாளின் உச்சியில் விரலை வைத்தாள். "இதுவும் இருந்துச்சு."

அவள் விரல் வைத்த இடத்தில் ஜே.எம்.ஜே. என்று இருந்தது. உங்களுக்குத் தெரியாது. இயேசு, மரி, சூசை என்று மூன்று பேருடைய இங்கிலீஷ் முதலெழுத்து. எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தத் தாளை எடுத்தாலும் உச்சியில் அதைப் போட்ட பிறகுதான் பேனா கீழே இறங்க வேண்டும். பரீட்சைத் தாளானாலும் சரி, வண்ணான் கணக்கானாலும் சரி. பன்னிரண்டு வருஷம் அப்படி எழுதின கை. பேரை மறைத்தேன், ஊரை மறைத்தேன், பெண் என்பதை மறைத்தேன். மொட்டைக் கடிதத்துக்கு உச்சியில் திருக்குடும்பத்தைச் சாட்சிக்கு வைத்து அனுப்பியிருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

"இது என்னன்னு நான் உங்கிட்டக் கேட்டதே இல்லை. மொத நாள் பாட்டோட மொத வரின்னு நெனச்சுப் பாடிட்டேன். பிரிட்டோ சிரிச்சு உருண்டான்."

அப்புறம் கேட்டாள், பிரிட்டோவுக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றேன். சரி என்றாள். அவ்வளவுதான். கோப்பை மூடிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று ஒன்று சொன்னாள், அது இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது.

"நீ வேண்டாம், போன்னு எங்க ஊர்ல எனக்கு நெறைய லெட்டர் வந்திருக்கு. இவ்வளவு அழகா யாரும் எழுதினதில்லை."

இதில் எங்கே வெட்டுகிறாள் என்று ஆறு மாதமாகத் தேடுகிறேன். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அடித்தால்கூட ஏற்றுக்கொள்ளலாம். சரி என்று சொல்லிவிட்டுப் போகிறவளை என்ன செய்வது? ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போன மாதிரிப் போனாள். என்றைக்குத் திறப்பாளோ என்று நான் காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். அமெரிக்காவுக்குப் போய் அம்மா வீட்டில் உட்காருவாள் என்று நினைத்தேன். அவள் ஏன் உட்காருகிறாள்? நேராகக் கோலாலம்பூருக்குப் போனாள். அங்கே வேலை செய்கிற அனுமதியை முறையாக வாங்கிக்கொண்டாள். ஒரு கம்பெனி ஸ்டுடியோ கொடுத்தது. இங்கே பின்கட்டு அறையில் செய்ததை அங்கே பெரிதாகச் செய்யலாம் என்று பிரிட்டோவைக் கூப்பிட்டார்கள். இங்கே இருந்தவரை என் கண்ணுக்கு முன்னால் மாடிப்படியில் ஏறி இறங்கினார். பதினெட்டுப் படி, நான் எண்ணியிருக்கிறேன். இப்போது கடலைத் தாண்டி இருக்கிறார். மூன்று மாதம் என்றார், ஐந்து மாதம் ஆகிவிட்டது. நான் அப்போதே சொன்னேன், போகப் போகிறார் என்று. யாரும் நம்பவில்லை. பார்த்தீர்களா, போய்விட்டார்.

என்ன அக்கா, ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்த லெட்டர் எழுதியிருக்காவிட்டால் மாடியோடு நின்றிருக்கும் என்கிறீர்களா? இல்லை, லண்டனுக்குப் போயிருப்பார். தாளில் சரி என்று குறி போட்டிருந்தது.

இதில் இன்னொன்று. அவள் பாட்டை இன்னும் எனக்குத்தான் அனுப்புகிறாள். எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், ஒரு தரம் பாடியும் அனுப்புகிறேன். அங்கே தமிழ் படித்தவர்கள் இல்லையா? என்னைக் கைக்குள் வைத்துக்கொள்ளத்தானே இது? போன மாதம் அங்கே டிவியில் ஒருத்தன் கேட்டான், உங்கள் தமிழ் எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று. என் தமிழ் என்னுடையதில்லை, சென்னையில் ஒரு அம்மாவுடையது, அவள் பேர் சலேத் என்றாள். எல்லாரும் எனக்கு போன் பண்ணி வாழ்த்துச் சொன்னார்கள். யாருக்கும் புரியவில்லை. நாளைக்கு ஒரு தப்பு வந்தால் யார் தலையில் விழும்? அதற்குத்தான் இப்போதே என் பேரைச் சொல்லி வைக்கிறாள்.

இப்போது என்னை அங்கே கூப்பிடுகிறாள். என்னையும் பிள்ளையையும். அங்கே போய் இறங்கினதும் இவரை வைத்துக்கொண்டு அந்தக் கோப்பைத் திறந்தால்? இதோ பார் பிரிட்டோ, உன் பெண்டாட்டி எழுத்து என்றால்? இவர் ஏன் என்று மட்டும் கேட்பார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்நிய ஊரில் பதில் இல்லாமல் நிற்க வேண்டும்.

அதனால்தான் நான் போய்ச் சேருவதற்குள் அவள் அங்கே இருக்கக் கூடாது. இதைப் பாருங்கள். இல்லை, உறையைப் பிரித்தே பாருங்கள், ஒட்டவில்லை. அந்த ஊர் அதிகாரிக்கு. அனுமதித் தாளில் கம்பெனி ஒரு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அவள் வேறு வேலை செய்கிறாள் என்று எழுதியிருக்கிறேன். உண்மையா என்று கேட்காதீர்கள். விசாரிக்கட்டுமே, விசாரித்தால் ஏதாவது வராமலா போகும்? ஆனால் என் கையெழுத்தில் அனுப்ப முடியாது, அவள் கண்டுபிடித்துவிடுவாள். நீங்கள் பார்த்து எழுதினால் போதும், ஒரு பக்கம்தான். பேனா இருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது, திரையில் நூற்றுப்பத்துத்தான்.

மாட்டீர்களா?

என்ன கேட்கிறீர்கள், சரியாகக் கேட்கவில்லை. கேள்விக்குறியா? அது நான் வருவேனா மாட்டேனா என்று போட்டது என்றா சொல்கிறீர்கள்?

அப்படி இருக்க முடியாது அக்கா. கூப்பிடுகிற ஆள் தாளில் கேள்விக்குறி போட்டு வைத்துக்கொண்டிருப்பாளா? வாயைத் திறந்து கேட்க மாட்டாளா? வருகிறாயா சலேத் என்று, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்று...

பனி பார்த்திருக்கிறாயா என்றாள்.

குளிர் தாங்குமா என்றாள்.

நான்தான் எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். அனுப்பச் சொல்லி அவள் கேட்கவேயில்லை, இல்லையா? என் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

இருங்கள், இருங்கள். எனக்கு இப்போது யோசிக்க வரவில்லை. நீங்கள் ஏன் இதைச் சொன்னீர்கள்? உங்களுக்கு அவளைத் தெரியுமா? இவ்வளவு நேரம் என் வாயைப் பிடுங்கி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டீர்கள், உங்கள் பேரைக்கூட நீங்கள் சொல்லவில்லை. யார் வீட்டு அக்கா நீங்கள்? யார் அனுப்பி வந்தீர்கள்? அவள் எல்லாருக்கும் தெரிந்தவள், யாரையும் அனுப்புவாள். சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இப்படித்தான் வரும். அம்மாவுக்கும் இப்படித்தான், தபால்காரரையே சந்தேகப்படுவாள், நீதான் எடுத்து வைத்துக்கொண்டாய் என்று.

என் நம்பர் வந்துவிட்டது. எங்கே, மூன்றாவது கவுன்ட்டரா? இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் பிடியுங்கள். இதில் இவள் அப்பா கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார், இது இவள் பிறந்த சான்றிதழ், இது போட்டோ. எழுந்துவிட்டாள் பாருங்கள். அழாதே, அழாதே ராசாத்தி, அந்த மாமா ஒன்றும் செய்ய மாட்டார்.

அந்த லெட்டர் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். நான் திரும்பி வரும்போது நீங்கள் இங்கேயே இருந்தால் வாங்கிக்கொள்கிறேன். அதற்குள் உங்கள் நம்பர் வந்துவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். தபால்பெட்டியிலா குப்பைத்தொட்டியிலா, எங்கே போட்டீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

உங்களை நம்பிக் கொடுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள் அக்கா. பிள்ளையைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால்தான்.